மூன்றாம் மாடி வெயில் கணக்கு

இயேசு மரி சூசை துணை

குளச்சல்
12.2.2014

அன்பு மகன் ஜெனோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

உனக்கும் அபினாவுக்கும் சுகம்தான் என்று போனில் சொன்னாய். போனில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம். அதனால்தான் எழுதச் சொன்னேன். உன் அப்பா இருபத்திரண்டு வருஷம் மஸ்கட்டில் இருந்தபோது, ஐந்தாம் வகுப்புப் படிப்பையும் ஜெபப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு கடிதம் எழுதப் பழகினவள் நான். என் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி அவர் திருப்பி அனுப்புவார். இப்போது திருத்த ஆளில்லை. பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ சத்தம் போட்டதை நான் மனதில் வைக்கவில்லை. நம் குடியிருப்பின் செயலாளர் ததேயுஸ் சார் உன்னிடம் பாதியைச் சொல்லியிருப்பார், மீதியை நானே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்த மறுநாள் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் நம் வீட்டு மின் இணைப்பே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. ‘தேவையில்லை’ என்று எழுதினேன். அங்கே இருந்த பெண் இரண்டு தடவை வாசித்துவிட்டு, இடம் மாறிப் போகிறீர்களா என்று கேட்டாள். இல்லை, அங்கேயேதான் இருப்பேன் என்றேன். பதினான்கு மாதமாக அப்படியே இருக்கிறேன்.

இருட்டில் இருக்கிறேன் என்று நினைக்காதே. மஸ்கட்டை விட்டு ஒரேயடியாக வந்த பிறகு, பவர் கட்டுக்காக அப்பா வாங்கி மொட்டை மாடியில் மாட்டிய இரண்டு சோலார் பலகைகளும் ஒரு பாட்டரியும் இருக்கின்றன. காலைப் பூசை முடிந்து வந்ததும் மேலே ஏறி, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைக்கிறேன். கடல்காற்று ஒரே நாளில் உப்புப் படிய வைத்துவிடும். பாட்டரிக்கு மாதம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறேன். காலையும் மாலையும் வோல்ட் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். நேற்று காலை 12.3, மாலை 12.9. பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் லைட்டை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி. மிக்சி உச்சி வெயிலில் மட்டும். ஃபேன் நான் போடுவதில்லை.

பக்கத்து வீட்டு ஜமீலா பீவி போன மாதம் தேங்காய் கேட்டு வந்தவள் மிக்சிச் சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டாள். “ஏட்டி கிளாரா, ஒனக்க வீட்டில சட்னி அரைக்கணும்னா சூரியனுக்கு லீவு இல்லியான்னு கேக்கணும் போலயே” என்றாள். சிரித்தேன். போகிறபோக்கில் அவளே, “தண்ணி மட்டும் கரண்டுல ஏறி வந்தா குத்தமில்லியா?” என்றும் கேட்டாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அன்று முதல் குழாயைத் திறப்பதில்லை. கீழே கிணற்றில் இறைத்து, காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி மேலே கொண்டுவருகிறேன். முட்டு கொஞ்சம் வலிக்கிறது. அது வயதுக்கு வருவதுதான்.

இணைப்பைத் திரும்ப வாங்கச் சொல்லாதே மக்கா. வேறு எதையாவது கேள்.

என்றும் உனக்காக ஜெபிக்கும்
அம்மா கிளாரா

தோஹா
9.3.2014

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அபினாவும் வாசித்தாள். வாளித் தண்ணீர் இடத்தில் நிறுத்திவிட்டாள். ஐம்பத்தெட்டு வயதில் மூன்று மாடி! ஜமீலா மாமியிடம் சொல்லுங்கள், நான் வந்ததும் அவர்களோடு சண்டை இருக்கிறது.

நல்ல செய்தி ஒன்று. அபினா முழுகாமல் இருக்கிறாள். ஆகஸ்டில் பிரசவம். அவளுக்கு அம்மா இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தாய்வீடு என்று அவள் வர வேண்டுமென்றால் உங்களிடம்தான் வர வேண்டும். ஜூலையில் அனுப்புகிறேன், நான் பின்னால் வருகிறேன். ஆனால் அம்மா, பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு ஃபேன் இல்லாமல், ஃபிரிட்ஜ் இல்லாமல் எப்படி? இதற்காகவாவது லைனை வாங்குங்கள்.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று பத்து நாள் யோசித்தேன். அப்பா ஏன் அன்றைக்கு மெயினை அணைக்காமல் மோட்டாரில் கை வைத்தார்? மஸ்கட்டில் அவருக்குக் கீழே நாற்பது எலக்ட்ரீஷியன்கள் இருந்தார்கள். டெஸ்டர் வைக்காமல் ஆணியைக்கூடத் தொடாத மனிதர். பவர் கட் நேரம், தெரியாமல் செய்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னீர்கள். அப்பாவுக்கா தெரியாது? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் சின்ன வயது ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வந்து சோறு கேட்டால் நீங்கள் ஜெபமாலையில் இருப்பீர்கள். வாய் திறக்காமல் விரலைக் காட்டுவீர்கள். மூன்று விரல் என்றால், பத்துப் பத்து மணியாக உருட்டும் மாலையில் இன்னும் மூன்று பத்துமணி பாக்கி, பொறு. எத்தனை நாள் பட்டினி போட்டிருக்கிறீர்கள்! என் பிள்ளைக்கு அந்த விரல் பாஷையைச் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்
ஜெனோ

இயேசு மரி சூசை துணை

குளச்சல்
22.4.2014

அன்பு மகன் ஜெனோவுக்கும் என் மருமகள் அபினாவுக்கும் அம்மாவின் உயிர்ப்புத் திருநாள் ஆசீர்.

பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்துவிட்டேன். தவக்காலம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அது காரணம் இல்லை.

குழந்தை செய்தியை வாசித்ததும் உன் அப்பா படத்தின் முன்னால் கடிதத்தை வைத்தேன். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தம் செய்ய நிற்கும்போதும் எனக்கு அதே நினைவு. அபினா இங்கே வர வேண்டும். அதில் மாற்றமில்லை. உள் அறை அவளுக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் இரண்டு பலகை, ஒரு பாட்டரி வைத்தால் ஒரு ஃபேன் இரவு முழுக்க ஓடும். ஜூலையில் மழைமேகம் இருக்கும், போன வருஷ நோட்டைப் பார்த்தேன், அந்த மாதம் பதினொரு நாள் நல்ல வெயில் இல்லை. அந்தப் பதினொரு நாளுக்கு ஓலை விசிறி இருக்கிறது, என் கை இருக்கிறது. பாலுக்கும் மீனுக்கும் ஜமீலா பீவி வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு தட்டு ஒதுக்கித் தருகிறாளாம். உன் சண்டையைச் சொன்னேன். “வரட்டும், அவனுக்குக் கத்தரிக்கா கூட்டான் வச்சே வாயை அடைக்கேன்” என்கிறாள்.

அப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு நான் என்ன எழுத. செத்தவரைத் தோண்டக் கூடாது. விடு மக்கா.

விரல் பாஷையெல்லாம் இப்போது இல்லை. ஜெபமாலை சொல்லும்போது யாராவது கூப்பிட்டால் நிறுத்திவிட்டுப் பேசிவிடுகிறேன்.

என்றும் உங்கள்
அம்மா

தோஹா
18.5.2014

அம்மாவுக்கு,

விட முடியவில்லை. அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

2012 நவம்பர் ஒன்றாம் தேதி, சாயங்காலம், நான் அப்பாவுக்குப் போன் செய்தேன். உங்களுக்குத் தெரியாது. வீட்டை விற்று இங்கே வந்துவிடுங்கள் என்றேன். கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்து, “இருவத்திரண்டு வருசம் வெளிய கெடந்துட்டு இப்பம் வந்து அப்பான்னு சொன்னா ஆச்சா? எனக்க எந்தப் பரீட்சைக்கு நீங்க இருந்தீங்க? நீங்க இருந்தாலும் இல்லாட்டாலும் எனக்கு ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டேன். அவர் “சரி மக்கா” என்றார். அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் மோட்டார் அறையில் கரண்டில் கை வைத்துச் செத்துப்போனார்.

அவர் தெரியாமல் செய்யவில்லை அம்மா. தெரிந்துதான் செய்தார். அதனால்தான் நீங்களும் கரண்டைத் தொடமாட்டேன் என்று இருக்கிறீர்கள், காரணமும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும். என்னைக் காப்பாற்ற மறைக்கிறீர்கள்.

நான் கோயிலுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. தூக்க மாத்திரை போட்டுத்தான் படுக்கிறேன். அபினா வயிற்றில் கையை வைக்கச் சொல்கிறாள். என்னால் முடியவில்லை. அப்பனைக் கொன்றவன் எப்படி அப்பனாவது? அவளை ஊருக்கு அனுப்பவில்லை. நானும் அந்த வீட்டுக்கு வரமாட்டேன். அந்த மோட்டார் அறையைத் தாண்டி என்னால் படி ஏற முடியாது.

ஜெனோ

இயேசு மரி சூசை துணை

குளச்சல்
13.6.2014, வெள்ளிக்கிழமை

மகனே ஜெனோ,

இன்று அந்தோனியார் திருநாள். பூசை கண்டு நற்கருணை நன்மை வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

நீ சொன்னதற்கும் அப்பா இறந்ததற்கும் சம்பந்தமில்லை. இது உன்னைத் தேற்றச் சொல்வது இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வருஷம் பகலில் எட்டு மணி, பத்து மணி நேரம் கரண்டு இராது. நான் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். ஒரு பத்தி ‘போக்கு’, ஒரு பத்தி ‘வரவு’. கரண்டு போன நேரம், வந்த நேரம். நம் கட்டடத்தில் பன்னிரண்டு வீட்டாரும் என்னிடம்தான் கேட்பார்கள். எப்பம் போகும், எப்பம் வரும். எனக்கு அதில் ஒரு பெருமை. அக்டோபர் மாதம் முழுக்க மத்தியானம் பன்னிரண்டுக்குப் போய் மூன்று மணிக்கு வந்தது. நவம்பர் ஒன்றாம் தேதி முறை மாறிவிட்டது. அன்று 2.20-க்கே வந்துவிட்டது. நான் மட்டும்தான் அதைக் கவனித்து நோட்டில் எழுதினேன்.

மறுநாள் கல்லறைத் திருநாள். எல்லோரும் குளித்துவிட்டுச் சாயங்காலம் கல்லறைக்குப் போக வேண்டும். தொட்டியில் தண்ணீர் இல்லை, மோட்டார் காலையிலேயே மக்கர் செய்தது. கரண்டு வருவதற்குள் சரிபண்ணி வைக்கிறேன் என்று அப்பா கிளம்பினார். மெயின் பெட்டிச் சாவி ததேயுஸ் சாரிடம். அவர் குடும்பக் கல்லறைக்கு மெழுகுவர்த்தி வைக்க மண்டைக்காட்டுப் பக்கம் போயிருந்தார். அப்பா டெஸ்டர் வைத்துப் பார்த்தார். கரண்டு இல்லை. அது பவர் கட் நேரம், எப்படி இருக்கும். மேலே வந்தார். மணி இரண்டு இருக்கும்.

நான் ஜெபமாலையில் துக்க தேவ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து பத்துமணியில் இரண்டு முடிந்து மூன்றாவது தொடங்குகிற இடம். கதவில் நின்று கேட்டார்.

“கிளாரா, எப்பம் வரும்?”

நான் மூன்று விரலைக் காட்டினேன்.

இன்னும் மூன்று பத்துமணி பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டு நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன், பொறு என்று அர்த்தம். நீயாக இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பாய். உனக்கு அந்த விரல் தெரியும். அவருக்குத் தெரியாது மக்கா. இருபத்திரண்டு வருஷம் வெளியே இருந்தவர். வந்து ஒன்றேகால் வருஷம்தான் ஆகியிருந்தது. நம் வீட்டில் இப்படி ஒரு பழக்கம் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அக்டோபர் முழுக்க மூன்று மணிக்கு வந்ததை அவரும் பார்த்திருந்தார். என் மூன்று விரலும் அதோடு சேர்ந்துவிட்டது. “செரி, ஒரு மணிக்கூர் இருக்கு” என்றார். அது என் காதில் விழுந்தது. வாயைத் திறந்து ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜெபத்தை இடையில் முறிக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். முடித்துவிட்டு ஓடிப்போய்ச் சொல்லலாம், நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

முடித்துவிட்டு எழுந்திருந்தாலும் நேரம் இருந்திருக்கும். கல்லறைத் திருநாளாயிற்றே என்று மரித்த விசுவாசிகளுக்காக ஒரு மன்றாட்டுமாலையும் சேர்த்துச் சொன்னேன். பாட்டரியில் அப்போது லைட் மட்டும்தான். பாதியில் கரண்டு வந்து தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது. நல்ல வேர்வையில் இருந்தேன். காற்று முகத்தில் பட்டதும் இதமாக இருந்தது. ‘தேவனே நன்றி’ என்றும் சொன்னேன். பிறகு கீழே யாரோ கத்தினார்கள்.

இப்போது தெரிந்ததா நான் ஏன் ஃபேன் போடுவதில்லை என்று.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதுதான் பெரிது. அடக்கத்துக்கு நீ வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, “எனக்க பேச்சாலதான் அப்பா, எனக்க பேச்சாலதான்” என்று கத்தினாய். நான் பக்கத்தில் நின்றேன். துக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை என்று எனக்குள்ளே தெரிந்தது. சொன்னால் உன்னையும் இழந்துவிடுவேன் என்று பயந்தேன். மார்ச்சில் நீ கேட்டபோதும் அதே பயத்தில்தான் ‘விடு’ என்று எழுதினேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்புக் கொடுத்து, மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். மூன்று என்றதும் விரல்களை மடக்கிக்கொண்டேன். அவருக்கு என்ன தெரியும். நான் சொல்ல வேண்டிய ஆள் அவர் இல்லை.

அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். 2.11.2012. போக்கு 12.00 என்று இருக்கிறது. வரவு இத்தனை நாளும் காலியாகக் கிடந்தது. இன்று எழுதினேன். 2.20.

இந்த வீட்டில் உன் பிள்ளைக்குக் காற்று வேண்டும் என்றால் நான் இணைப்பை வாங்கிவிடுகிறேன். மோட்டார் அறையைத் தாண்ட முடியாவிட்டால் பின்பக்கம் ஒரு படி இருக்கிறது, அதில் ஏறலாம். நீ தூங்கு மக்கா. முதலில் தூங்கு.

அம்மா

தோஹா
29.8.2014

அம்மாவுக்கு,

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி பையன் பிறந்தான். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். கபிரியேல் என்று அப்பா பெயர்தான் வைத்திருக்கிறோம். ஞானஸ்நானம் இங்கேயே கொடுத்துவிட்டோம்.

உங்கள் கடிதம் ஜூன் கடைசியில் கிடைத்தது. வாசித்த அன்று மாத்திரை இல்லாமல் பதினோரு மணி நேரம் தூங்கினேன். மூச்சு இருக்கிறதா என்று அபினா மூக்கில் கை வைத்துப் பார்த்தாளாம். அப்பா சாகப் போகவில்லை. ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நம்பிப் போனார். எனக்கு அது போதும். எழுந்து அபினா வயிற்றில் கை வைத்தேன். பையன் உதைத்தான்.

மூன்று விரலைப் பற்றி எனக்கு உங்கள்மேல் ஒன்றுமில்லை. அடக்கத்தன்றே சொல்லியிருந்தால் அன்றே உங்கள் மடியில் படுத்து அழுதிருப்பேன்.

ஆனால் நீங்கள் கற்றுக்கொடுத்தபடி கணக்குப் பார்த்தேன். நவம்பர் 2012 முதல் ஜூன் 2014. பத்தொன்பது மாதம். பாட்டரிக்கு மாதாமாதம் தண்ணீர் ஊற்றினீர்கள். வோல்ட் குறைந்தால் லைட்டை அணைத்தீர்கள். உங்கள் மகன் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வந்ததை எந்த நோட்டில் எழுதினீர்கள்? நீங்கள் வாளி சுமந்து பரிகாரம் செய்தீர்கள். நான் நீங்கள் செய்ததைச் சுமந்தேன்.

இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன். அதுவரை எழுத வேண்டாம்.

ஜெனோ

இயேசு மரி சூசை துணை

குளச்சல்
10.2.2015

மகன் ஜெனோவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஐந்து மாதம் எழுதாமல் இருந்தேன். இதற்குப் பதில் கேட்கவில்லை. ஒரு செய்தி மட்டும் உனக்குத் தெரிய வேண்டும்.

உன் ஆகஸ்டு கடிதம் வருவதற்கு முன்னாலேயே இணைப்பை வாங்கிவிட்டேன். ஜூலை முடிவில் மீட்டர் வைத்தார்கள். ஜான்ரோஸ் என்று ஒரு வயர்மேன், அப்பாவிடம் சின்னதில் வேலை பழகினவன், அவன்தான் வயரெல்லாம் மாற்றி, எர்த் புதிதாகப் போட்டு, உள் அறையில் தொட்டில் கொக்கிக்கு எட்டாத தூரத்தில் ஃபேன் மாட்டினான். சுவிட்சைத் தட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். ஒரு நிமிஷம் ஓட்டி நிறுத்திவிட்டான். அதன் பிறகு யாரும் போடவில்லை. தூசி படியாமல் துணி சுற்றி வைத்திருக்கிறேன். எனக்கு மாடியில் இருக்கும் இரண்டு பலகை போதும்.

நீ எழுதிய கணக்கு சரி. நோட்டில் தேடிப் பார்த்தேன். உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எல்லாம் வெயில்தான்.

நேற்றுக் காலை கிணற்றிலிருந்து வாளியோடு படி ஏற வரும்போது, மீட்டர் பலகையின் முன்னால் ரீடிங் எடுக்க வந்தவர் நின்றுகொண்டிருந்தார். இளவயதுக்காரர், இந்தப் பகுதிக்குப் புதிது. நம் வீட்டு வெள்ளை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஒம்பதாம் நம்பர்ல ஆரும் இல்லியாம்மா? மீட்டர் வச்ச நாள்ல இருந்து நம்பர் நவரவே இல்லியே.”

“மகனும் மருமகளும் வருவினும்” என்றேன்.

“எப்பம்?”

இரண்டு கையிலும் வாளி இருந்தது. அவர் கொஞ்சம் நின்று பார்த்தார், பிறகு அட்டையில் எழுதித் தொங்கவிட்டுவிட்டு அடுத்த மீட்டருக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு வாளியை இறக்கிவைத்து வாசித்தேன். ‘வீடு காலி’ என்று எழுதியிருந்தது.

திருத்தச் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

குழந்தைக்கு என் முத்தம்.

அம்மா

இன்று காலை 12.4. மாலை 12.8. மீட்டர் 0.